ஒண்ணும் வேணாமாம்

கோவளம் கரையில் ஏலம் முடிந்து கூடைகளை லோடு ஆட்டோவில் ஏற்றும்போதே மழை பிடித்துக்கொண்டது. இருந்த ஒரே தார்ப்பாயை மீனுக்குப் போட்டுவிட்டுப் பெண்கள் நனைந்தபடி வந்தார்கள். சோழிங்கநல்லூரில் விட்டது மாதிரி இருந்து, மேடவாக்கத்தில் மறுபடியும் ஊற்றியது. கேம்ப் ரோட்டில் இறங்கியபோது பொன்னியின் புடவை முழங்கால்வரை சேறாகியிருந்தது. கடலில் காற்று. பெரிய மீன் எதுவும் கரைக்கு வரவில்லை. அவளுக்குக் கிடைத்தது சங்கராவும் கெளங்காவும் கொஞ்சம் நெத்திலியும்தான்.

பூட்டிக் கிடந்த செருப்புக்கடைக்கு முன்னால் குடையை நட்டுப் பலகையைப் போட்டாள். ஐஸை உடைத்துப் பரப்பி அதன்மேல் மீனை அடுக்கினாள். பக்கத்துப் பலகை தாயாரம்மாளுடையது. இருவரும் ஒரே குப்பத்துக்காரர்கள். பொன்னியின் புருஷன் மாணிக்கவேல் இன்னும் குப்பத்திலேயே இருந்து ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறான். மகள் அஞ்சலிக்குத் தாம்பரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்ததும், பொன்னி அவளைக் கூட்டிக்கொண்டு சேலையூர் ஏரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். அஞ்சலி இப்போது கம்ப்யூட்டர் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷம்.

"இன்னாடி பொன்னி, உன் பொண்ணு கட பக்கமே வர்றதில்ல?" என்று தாயாரம்மாள் ஐஸைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "லீவு நாள்லகூட காணோம்?"

"டீச்சர் வூட்டுக்குப் போவுதுக்கா. படிக்க."

"எப்பப் பாரு அங்கதான் கீது. தத்து கித்து குடுத்துட்டியா?"

பொன்னி சிரித்தாள். சிரிக்காவிட்டால் தாயாரம்மாள் அதையே நாள் முழுக்கச் சொல்லுவாள் என்று தெரியும்.

மழை கொஞ்சம் ஓய்ந்து, ஆபீஸ் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி மீன் கேட்கத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. கையெல்லாம் செதில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் கவ்விக்கொண்டு பேசினாள்.

"பொன்னி, நான் மிருதுளா. வியாபார நேரத்துல தொந்தரவு பண்றேனா?"

"சொல்லுங்க மிஸ். சங்கரா நல்லாகீது. எட்த்து வெக்கட்டா?"

"நாளைக்குக் கொண்டு வாங்க. இப்ப அதுக்கு இல்ல. அஞ்சலி போன் எடுக்கல, லேப்ல இருப்பா போல. நான் குடுத்த அந்த லேப்டாப் விஷயம். எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுக்கோன்னு நான்தான் சொன்னேன். ஆனா ராத்திரி பூரா எனக்கு மனசே கேக்கல. அதுல என் பொண்ணு சின்மயியோட போட்டோ, அவ காலேஜ்ல பாடினதெல்லாம் இருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடி அத மட்டும் தனியா எடுத்து வெக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க பொன்னி."

"சரி மிஸ். சொல்றேன்."

"அப்புறம், அந்த சிறுசேரி கம்பெனி நியூஸ் கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம். முதல் ரவுண்டுலயே எடுத்துட்டாங்களே! அடுத்து நேர்லயே இன்டர்வியூவாம். நம்ம அஞ்சலி சாதாரணப் பொண்ணு இல்ல."

"எந்தக் கம்பெனி மிஸ்?"

மிருதுளாவின் குரல் தணிந்து வந்தது.

"உங்ககிட்ட சொல்லலையா? சொல்லுவா. பரபரப்புல மறந்திருப்பா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, ப்ளீஸ்."

போன் வைக்கப்பட்டது. பொன்னி அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து, கையில் இருந்த மீனின் தலையை ஒரே அழுத்தில் வெட்டினாள். எதிரில் நின்ற பெண் பதறினாள்.

"அய்யோ, தலையோட குடுங்கன்னு இப்பதானே சொன்னேன்?"

"தப்பாப் பூட்ச்சு. வேற போட்றேன்."

"யாரு போன்ல?" என்றாள் தாயாரம்மாள். "மூஞ்சி ஒரேயடியா சுண்டிப் போச்சே."

"டீச்சரு."

"பொண்ண அங்கயே வுட்டுடுங்கறாளா?"

இந்த முறை பொன்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

மிருதுளாவின் வீட்டுக்கு முதன்முதலில் அஞ்சலியை அனுப்பியது பொன்னிதான். கல்லூரியில் சேர்ந்த புதிதில், கடையிலிருந்து நண்டு வாங்கிய டீச்சரம்மா பையை மறந்துவிட்டுப் போக, ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வா என்று மகளை விரட்டினாள். போனவள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். அந்த வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகமாம். மிஸ் ஸ்கூலில் கணக்கு எடுத்தவராம். ரிடையர் ஆகிவிட்டாராம். வீட்டுக்காரர் தவறிவிட்டாராம். ஒரே பொண்ணு கனடாவில் இருக்கிறாளாம். கணக்கில் சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னாராம்.

முதலில் பொன்னிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். அந்த வருஷம் தேர்வில் அஞ்சலி கணக்கில் முதலாவதாக வந்தபோது, நல்ல வஞ்சிரத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய் மிருதுளாவிடம் கொடுத்துக் கும்பிட்டாள்.

எப்போது அது மாறியது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அஞ்சலி போனில் பேசும்போது 'இன்னா' என்பது 'என்ன' என்று ஆனபோதா? காபிக்குச் சர்க்கரை வேண்டாம், மிஸ் வீட்டில் அப்படித்தான் என்று சொன்னபோதா? கனடா பொண்ணு விட்டுப்போன சுடிதார்கள் அஞ்சலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. அந்தத் தீபாவளிக்குப் பொன்னி தாம்பரம் சண்முகம் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பச்சைச் சுடிதாரை அஞ்சலி அன்று ஒருநாள்தான் போட்டாள். கல்லூரிக்குப் போட்டதெல்லாம் கனடாக்காரியுடையதுதான்.

ஒருநாள் துணி மடிக்கும்போது பொன்னி அந்தச் சுடிதாரை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அதில் மகளின் வியர்வை வாசனை இருந்தது. அதற்கும் அடியில் வேறு ஏதோ வீட்டு அலமாரியின் வாசனை. அவள் அதைத் திரும்ப வாளியில் போட்டு, சோப்பு போட்டு, இன்னொரு முறை துவைத்தாள்.

அப்புறம் வந்ததுதான் இந்த லேப்டாப். அதுவும் கனடாக்காரியுடையது. பல வருஷம் அலமாரியில் கிடந்தது. போட்டால் நீலத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டைக் கேட்கும். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அஞ்சலி அதைப் பழைய துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பொன்னி பார்த்தாள். தான் வாங்கிக்கொடுத்த எதற்கும் மகளின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அன்று மத்தியானமே மீன் விற்றுத் தீர்ந்தது. மழைநாளில் எல்லோருக்கும் குழம்பு ஆசை. பொன்னி வீட்டுக்கு வந்து குளித்து, விற்காமல் எடுத்துவைத்த நெத்திலியை ஆய்ந்தாள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம்.

பொழுது சாயும் நேரத்துக்கு அஞ்சலி வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து ஆட்டிக் காட்டினாள்.

"நிஷாகிட்ட வாங்கியாந்தேம்மா. லினக்ஸ் போட்டுத் தந்தா. பழைய மெஷினுக்கு அதான் தாங்குமாம். இன்னிக்கே போட்டுறப் போறேன்."

"காலேஜில இன்னா விசேஷம்?" என்றாள் பொன்னி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"தெனம் இன்னா விசேஷம் இருக்கும்? ரெக்கார்ட் நோட்டு குடுத்தாங்க. மழைல கேன்டீன் ஒழுவுது."

பொன்னி அடுப்பைப் பற்றவைத்துப் புளியைக் கரைத்து ஊற்றினாள். மகள் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து வயரைச் செருகுவதையும், ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே அதை உசுப்புவதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லுவாள் என்று நினைத்தாள். குழம்பு கொதிக்கும்போது சொல்லுவாள். மீனைப் போட்டதும் வாசனைக்கு எழுந்து வந்து, அம்மா ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பாள்.

"கம்பெனி கிம்பெனி எதுனா காலேஜிக்கு வருதா?" என்று கடைசியாக ஒருமுறை தூண்டிப் பார்த்தாள்.

அஞ்சலியின் விரல் ஒரு நொடி நின்றது. "அதெல்லாம் மூணாவது வருஷம்தாம்மா" என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பொய். பெற்றவளிடம் பொய். அந்த வீட்டுக்காரியிடம் நிஜம்.

"அம்மா" என்றாள் அஞ்சலி. "பென்டிரைவ்ல தொறந்தா பாஸ்வேர்டு கேக்கல. உள்ள பழைய ஃபோல்டர்லாம் அப்டியே கீது. சின்மயின்னு பேர் போட்டே ஒண்ணு. நான் தொறக்கல, அவங்களோடது. மிஸ் எல்லாத்தையும் அழிச்சிடுன்னுதான் சொன்னாங்க. இருந்தாலும் ஒருவாட்டி கேட்டுடட்டா? மத்தியானம் அவங்க மிஸ்டு கால் வேற இருந்துச்சு."

பொன்னி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எனுக்கும் பண்ணாங்க. பேசிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் வேணாமாம்."

"நெஜமாவா? போட்டோவெல்லாம்கூடவா?"

"வேணாம்னுதான் சொன்னாங்க. ஒரே பேச்ச எத்தினி வாட்டி கேப்ப? அழிச்சிட்டு உன் வேலையப் பாரு."

அவ்வளவுதான். கிளறின கரண்டியை அவள் கீழே வைக்கக்கூட இல்லை.

அஞ்சலி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "பாவம், அவ்ளோ கோவம் போல பொண்ணுமேல" என்று முணுமுணுத்துவிட்டு, டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று அழுத்தினாள்.

அடியில் மெல்லிய கோடு ஒன்று தோன்றி, எறும்பு ஊர்வதுபோல நகரத் தொடங்கியது. அஞ்சலி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் சோற்றை வாங்கிப் பிசைந்தாள். பொன்னியும் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அய்யோ, மறந்துட்டேன், எடுத்து வெக்கச் சொன்னாங்க என்று சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்னால் மகள் உடனே போனை எடுப்பாள். அந்த அம்மாவிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள். கம்பெனி விஷயத்தைத் தனக்குத் தெரியாதென்று நினைத்துக் குரலைத் தணித்துப் பேசுவாள். பொன்னி வாயைத் திறக்கவில்லை.

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. ஏரிக்கரை டிரான்ஸ்பார்மர் மழைக்குத் தாங்காது.

"சாமி, கரண்டு போவக்கூடாது" என்றாள் அஞ்சலி.

போகட்டும் என்று பொன்னி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். கரண்டு போய் எல்லாம் பாதியில் நின்றுவிடட்டும். தான் எதுவும் சொல்லாமலே எல்லாம் பழையபடி ஆகிவிடட்டும். விளக்கு நிலைத்து எரிந்தது.

"இப்ப நிறுத்தினா பழசு திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

"எப்டி வரும்? அழிக்கறது மொதல் நிமிஷமே முடிஞ்சிரும்மா. இப்ப புதுசுதான் ஏறிக்கினு கீது." அஞ்சலி நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்கற?"

"சும்மா."

கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது. லேப்டாப் அணைந்து, மறுபடி விழித்து, யாருடைய பெயரும் இல்லாத சுத்தமான திரையைக் காட்டியது. அஞ்சலி கை தட்டினாள். எழுந்து வந்து எச்சில் கையோடு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படிக் கட்டிக்கொண்டாள். பொன்னி கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. கரையிலிருந்து வந்த கையோடு சங்கராவை எடுத்துக்கொண்டு பொன்னி மிருதுளாவின் வீட்டுக்குப் போனாள். மரமல்லிப் பூக்கள் வாசலெங்கும் உதிர்ந்து நசுங்கிக் கிடந்தன. மிருதுளா ஏற்கெனவே கேட்டருகில் நின்றிருந்தார். அவர் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு பென்டிரைவ்.

"நேத்து சாயந்திரமே போய் வாங்கிட்டு வந்துட்டேன். அஞ்சலி வந்தா எல்லாத்தையும் இதுல ஏத்தித் தரச் சொல்லணும். டிவியிலகூடப் போட்டுப் பாக்கலாமாம். எடுத்து வெச்சிட்டாளா?"

"நான் சொல்ல மறந்துட்டேன் மிஸ்" என்றாள் பொன்னி.

மிருதுளாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லப் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

"அப்ப எல்லாம் போயிடுச்சா?"

"போய்டுச்சு மிஸ்."

மிருதுளா பென்டிரைவின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி. நீங்க என்ன பண்ணுவீங்க. மழையில, வியாபாரத்துக்கு நடுவுல சொன்னேன். யாரா இருந்தாலும் மறந்துதான் போகும். நான் அவளுக்கே மெசேஜ் போட்டிருக்கணும். என் தப்பு."

அவர் திட்டியிருந்தால் பொன்னி அப்படியே திரும்பி வந்திருப்பாள். அந்த 'என் தப்பு' என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மறக்கல மிஸ்."

மிருதுளா நிமிர்ந்தார்.

"எம் பொண்ணு கேட்டுச்சு. மிஸ் எதுனா சொன்னாங்களான்னு கேட்டுச்சு. நான்தான் ஒண்ணும் வேணாமாம்னு சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்?"

"கம்பெனி வெசயம் உங்களுக்குத் தெரியுது. எனுக்குத் தெரியல. பெத்தவ நானு. அதுக்கு சொரம் வந்தாகூட மொதல்ல உங்களுக்குத்தான் தெரியுது. நீங்க குடுத்த துணி, நீங்க குடுத்த பொஸ்தகம், உங்கள மாதிரி பேச்சு. அத்தப் பாத்துப் பாத்து எனுக்கு வயிறு எரிஞ்சிகினே கீது மிஸ். அதான்."

மிருதுளா எழுந்து நின்றார்.

"உங்களுக்கு வயிறு எரியுதா? உங்களுக்கு? அவ என் எதிர்ல உக்காந்து படிக்கறப்ப நிமிஷத்துக்கொரு தடவ மணி பாப்பா, தெரியுமா? அம்மா வந்திருக்கும், அம்மா வந்திருக்கும்னு. அதப் பாத்து எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சீங்க? சின்மயி எனக்குப் பிடிக்காத பையனக் கல்யாணம் பண்ண அன்னிக்கு, என் போன்ல இருந்த அவ போட்டோ ஒண்ணு விடாம நானே அழிச்சேன். ஆல்பத்தக்கூட விட்டு வெக்கல. அவளும் அதோட என்கிட்ட பேசறத விட்டுட்டா. இந்த ஒண்ணுலதான் மிச்சம் இருந்தது. போங்க பொன்னி. தயவுசெஞ்சு போங்க."

பொன்னி மீன் கூடையைத் தூக்கினாள். கேட்டைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது. கோபம் வடிந்து, களைத்துப்போன குரல்.

"அஞ்சலிகிட்ட இதச் சொல்லாதீங்க. இன்டர்வியூ நேரத்துல ஒடஞ்சி போயிடுவா. நான் வேணாம்னுதான் சொன்னேன்னு அவகிட்ட நானும் சொல்லிடறேன். அது அப்படியே இருக்கட்டும்."

பொன்னி நின்றாள். எவ்வளவு சுலபம். மகளுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அப்புறம் மகளைப் பற்றி இந்த அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருக்கும். அஞ்சலியின் மனசு உடையாமல் காப்பாற்றியதும் இவராகவே இருப்பார். அதை நினைத்ததும் பழைய எரிச்சல் நெஞ்சில் கிளம்பியது. அவள் நிஜத்தைச் சொல்லத் துணிந்ததில் நேர்மை பாதி என்றால், அந்த எரிச்சல் மீதிப் பாதி.

"வேணாம் மிஸ்" என்றாள். "இதயும் நீங்களே செஞ்சிடாதீங்க. எம் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்."

வீட்டில் அஞ்சலி கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கட்டிலில் லேப்டாப் திறந்திருந்தது. பொன்னி செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குறைக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அஞ்சலி பாய்ந்துபோய் முதலில் வயரைப் பிடுங்கினாள். லேப்டாப் அணைந்தது.

"இனிமே இத ஆன் பண்ணவே கூடாது. பண்ணப் பண்ண உள்ள மேல மேல எழுதும்." வயரை வேகவேகமாகச் சுற்றினாள். "எப்டிம்மா? எப்டி உன்னால முடிஞ்சுது? நான் கேட்டேனே. நெஜமாவான்னு கேட்டேனே."

பொன்னி மீன் கூடையைக் கீழே வைத்தாள்.

"கெழக்குத் தாம்பரத்துல ஒரு கட கீது. அழிஞ்சத எடுக்கறாங்கன்னு நிஷா சொல்லுவா." அஞ்சலி லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசலில் அம்மாவைத் தாண்டிப் போனவள் திரும்பினாள். "நீயும் வா. நீ பண்ணத நீயே அந்தக் கடக்காரர்கிட்ட சொல்லு."

ஷேர் ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் ஒரு கிழவர் உட்கார்ந்து வந்தார். அது பொன்னிக்குச் சௌகரியமாக இருந்தது.

கடைக்காரர் பெயர் வினோத்குமார். மாடிப்படிக்கு அடியில் சின்னக் கடை. மூடிகள் கழற்றிய லேப்டாப்புகள் சுவரெல்லாம் அடுக்கியிருந்தன. பொன்னி சொன்னதை அவர் கேட்டுவிட்டு, அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி ஹார்டு டிஸ்கை உருவித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

"அழிச்சதகூடத் தேடிப் புடிக்கலாம். அதுமேல புதுசு ஏத்திட்டீங்களே, அந்த எடத்துல இருந்தது வராது. மத்தது வந்தாலும் வரும். ஒடஞ்சி ஒடஞ்சிதான் வரும். ஓட விட்டுப் பாப்போம். வெளிய உக்காருங்க."

வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. எதிர்க் கடையில் டீ வாங்கிவந்து பொன்னி நீட்டினாள். அஞ்சலி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. பஸ்கள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின.

"அவங்கள உனுக்கு என்னவிடப் புடிக்குமா?" என்று பொன்னி கேட்டாள்.

அஞ்சலி சும்மா சமாதானத்துக்கு இல்லை என்று சொல்லிவிடவில்லை. யோசித்தாள்.

"சிலதுக்கு" என்றாள்.

பொன்னிக்கு அது குத்தியது. ஆனால் இத்தனை மாதமாக அவள் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்ததைவிட அது சின்னதாக இருந்தது.

"எதுக்கு?"

"கம்பெனி வெசயம் ஏன் அவங்ககிட்ட சொன்னேன் தெரியுமா? கெடைக்கலன்னா அவங்க சரி, அடுத்தது பாருன்னுவாங்க. அவ்ளோதான். உங்கிட்ட சொன்னா நீ மார்க்கெட் பூரா சொல்லுவ. அப்பாவுக்குச் சொல்லுவ. கோயிலுக்கு வேண்டிக்குவ. அப்புறம் கெடைக்கலன்னா நீ சாப்டாம உக்காந்திருப்ப. என்னால அத்தப் பாக்க முடியாது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவங்க முன்னாடி நான் தோத்துப் போவலாம்மா. உன் முன்னாடி முடியல."

மார்க்கெட்டில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாதென்று பொன்னிக்கே தெரியும்.

"சாப்டாம எல்லாம் உக்கார மாட்டேன்" என்றாள் கடைசியில்.

"உக்காருவ."

"ஒருவேள உக்காருவேன்."

அஞ்சலி டீயை எடுத்தாள். அது ஆறி ஏடு கட்டியிருந்தது. ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

"உம்மேல கோவம் போவலை" என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "இப்ப போவாது."

"தெரியும்."

உள்ளேயிருந்து வினோத்குமார் கூப்பிட்டார். "ஏதோ வருது, வந்து பாருங்க."

இருவரும் எழுந்து ஓடினார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் விழுந்துகொண்டிருந்தன. பாதிக்குமேல் வெறும் சாம்பல் நிறம். ஒன்றில் யாருடையதோ செருப்பு. ஒன்றில் மேடையும் மைக்கும் மட்டும். வினோத்குமார் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்து, ஒரு படத்தில் நிறுத்தினார். அதன் கீழ்ப்பாதி சாம்பல். மேல்பாதியில் இரண்டு முகங்கள் தப்பியிருந்தன. நரையில்லாத தலையோடு, கண் சுருங்கச் சிரிக்கிற மிருதுளா. அவர் கன்னத்தோடு கன்னம் அழுத்திக்கொண்டு ஒரு பெண். அஞ்சலி வயசுதான் இருக்கும்.

சுடிதாரையும் புத்தகத்தையும் வைத்துப் பொன்னி இத்தனை நாள் வெறுத்த கனடாக்காரி அவள்தான். மேல்வாய்ப் பல் ஒன்று லேசாகத் தெற்றியிருந்தது. புருவத்துக்கு மேல் ஒரு பருவைக் கிள்ளிப் புண்ணாக்கி வைத்திருந்தாள்.

"இதாம்மா சின்மயி" என்றாள் அஞ்சலி மெதுவாக. "நானே இப்பதான் பாக்கறேன்."

பொன்னி திரைக்கு அருகில் குனிந்தாள். வெகுநேரம் அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணுக்கு அவங்க கண்ணு அப்டியே கீது" என்றாள். பிறகு வினோத்குமாரின் பக்கம் திரும்பினாள். "இன்னும் தேடுண்ணா. பாட்டு பாடினது ஒண்ணு கீதாம்."

"அதெல்லாம் பெரிய ஃபைல்மா. வருமான்னு சொல்ல முடியாது. வந்தாலும் சாயந்திரம் ஆயிடும்."

"ஆவட்டும்" என்றாள் பொன்னி. அங்கே கிடந்த ஒரே ஸ்டூலை மகளுக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நாங்க கீறோம்."